90 நாள் பேமெண்ட் என்றால் 13 சனிக்கிழமை

திருப்பூரில் பவர் டேபிள் (தையல் மிஷின் வரிசை) வைத்து ஜாப் ஒர்க், அதாவது அடுத்தவர் துணியைக் கூலிக்குத் தைப்பவர்களுக்கு மாதக் கணக்கு கிடையாது, வாரக் கணக்குதான். சனிக்கிழமை ராத்திரி ஒன்றரை ஷிப்ட் முடிந்து மோட்டார் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கும்போது சம்பளக் கவர் தயாராக இருக்க வேண்டும். கவர் மேல் பென்சிலில் பெயர், எத்தனை ஷிப்ட், பிடித்த அட்வான்ஸ், மீதி என்று எழுதியிருக்கும். அந்தக் கவருக்குள் வைக்கப் பணம் இல்லாமல் நான் ஏழு சனிக்கிழமைகளைக் கடந்தேன். முதல் மூன்று வாரம் மனைவியின் நகையில் போனது, அடுத்த மூன்று வாரம் கை மாற்றில் போனது, கடைசி வாரம் கடன் கொடுத்து தினமும் வசூலிக்கும் தண்டல்காரரிடம் போய் நின்றேன். வட்டி, அபராதம், பிடித்தம் என்று மொத்தத்தில் 1,83,000 ரூபாய் போயிற்று. அது எங்கெங்கே போனது என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். டேபிள் போடுவதற்கு முன்னால் இந்தக் கணக்கை யாராவது ஒரு தாளில் போட்டுக் காட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

முதலில் யூனிட்டின் கணக்கு. ஓவர்லாக் 5, பேட்லாக் 6, சிங்கர் 3, ஆக 14 மிஷின். டெய்லர், கைமடி, செக்கிங் எல்லாம் சேர்த்து 18 பேர். சாதாரண டி-ஷர்ட் என்றால் வாரம் 8,000 பீஸ் இறங்கும். பீஸுக்கு 20 ரூபாய், நூல் ஆர்டர் கொடுக்கும் பார்ட்டியுடையது. வாரம் 1,60,000 ரூபாய்க்குப் பில். சம்பளம் மட்டும் வாரம் 85,000. மாதத்துக்கு வாடகை 25,000, கரண்ட் 18,000, மிஷின் தவணை 42,000, ஊசி, ஆயில், மெக்கானிக், வண்டி வாடகை எல்லாம் சேர்த்து 35,000. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்பதால் தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ உண்டு. முதலாளி பங்கு 3.25 சதவீதம், அது ஒரு 11,000. தீபாவளி போனஸ், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஆட்கள் ஊருக்குப் போய்த் திரும்பாத வாரங்கள், இதையெல்லாம் கழித்தால் பில் தொகையில் ஏறத்தாழ 18 சதவீதம் கையில் நிற்கும். காகிதத்தில் இது நல்ல தொழில்தான். நானும் காகிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பில் போட்ட நாளுக்கும் பணம் வரும் நாளுக்கும் நடுவில் எத்தனை சனிக்கிழமை வருகிறது என்பதை எண்ணவே இல்லை.

எண்ணிப் பாருங்கள். பார்ட்டி 90 நாளில் பணம் தருவேன் என்றால் நடுவில் 13 சனிக்கிழமை. 85,000 வீதம் 11,05,000 ரூபாய். வாடகை, கரண்ட், தவணை தனி. அவ்வளவு ரொக்கம் கையில் இருந்தால்தான் 90 நாள் பார்ட்டிக்கு நாம் தைக்க முடியும். 30 நாள் என்றால் நாலு, ஐந்து சனிக்கிழமை. நாலு லட்சத்துச் சொச்சம் போதும். அதே மிஷின், அதே ஆள், அதே 20 ரூபாய் ரேட்தான். நாள் மட்டும் மாறினால் நாம் போட வேண்டிய முதல் இரண்டரை மடங்காகிவிடும். பெரிய கம்பெனி நமக்கு ஆர்டர் கொடுத்து வாழவைக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கம்பெனிக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தது நான்தான்.

நடந்தது இப்படி. ஒரு எக்ஸ்போர்ட் பார்ட்டி ஆடி மாதத்தில் வந்தார்கள். தீபாவளி வரைக்கும் பில்லுக்கு 30, 35 நாளில் பணம் ஒழுங்காக வந்தது. அந்த நம்பிக்கையில், இரண்டு வருடமாகச் சின்னச் சின்ன ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்த இரண்டு லோக்கல் பார்ட்டிகளிடம் "லைன் ஃபுல்லுங்க" என்று சொல்லிவிட்டேன். முதல் தப்பு அது. தீபாவளி முடிந்து ஆள் திரும்பி நவம்பர் முதல் வாரம் தைக்க ஆரம்பித்ததிலிருந்து ஒரு பில்லுக்கும் பணம் வரவில்லை. அக்கவுண்ட்ஸ் ஆபீசில் உட்கார்ந்திருக்கும் பையன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரே பதிலைச் சொன்னான். "பையர் பேமெண்ட் இன்னும் வரலைங்ணா, அடுத்த வாரம் கண்டிப்பா பாத்துக்கலாம்ங்ணா." ஏழு வாரம் அதைக் கேட்டுக்கொண்டே தைத்தேன். நிற்கும் தொகை 11,40,000, ஜிஎஸ்டி 57,000.

ஏன் மூன்றாவது வாரமே நிறுத்தவில்லை என்று கேட்பீர்கள். வேலையை நிறுத்தினால் பழைய பணமும் வராது என்ற பயம்தான். பார்ட்டி வெட்டிக் கொடுத்த கட்டிங் பீஸ் உள்ளே கிடக்கிறது, தைத்துக் கொடுத்தால் பில் போகும், பில் போனால் பணம் வரும் என்று மனசு கணக்குப் போடும். ஒவ்வொரு வாரமும் தைக்கத் தைக்க அவர்கள் நமக்குத் தர வேண்டிய தொகை ஏறுகிறது, ஏற ஏறப் பயமும் கூடுகிறது. இதற்கு ஒரே தடுப்பு, பயம் வருவதற்கு முன்பே ஒரு எண்ணை எழுதி வைப்பது. இப்போது என்னுடைய எண் நாலு. ஒரு பார்ட்டி தர வேண்டிய தொகை நாலு வாரப் பில்லைத் தொட்டால் அடுத்த கட்டிங்கை இறக்க மாட்டேன். ஆர்டர் பேசும்போதே இதைச் சொல்லிவிடுகிறேன், அப்போது சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஒரே பார்ட்டிக்கு லைனில் பாதிக்கு மேல் கொடுப்பதும் இல்லை.

அடுத்து ஜிஎஸ்டி. தையல் ஜாப் ஒர்க்குக்கு 5 சதவீதம் என்பதால் சின்னத் தொகை என்று தோன்றும். பில் போட்ட மாதத்துக்கான வரியை அடுத்த மாதம் 20-ஆம் தேதி கட்டியாக வேண்டும், பார்ட்டி பணம் கொடுத்தாரா இல்லையா என்பது கணக்கிலேயே வராது. வராத பணத்துக்கு நம் கையிலிருந்து வரி. நவம்பர் வரியை எப்படியோ கட்டினேன். டிசம்பர் ரிட்டர்ன் 40 நாள் தாமதம். நாளுக்கு 50 ரூபாய் வீதம் 2,000 லேட் ஃபீஸ், அதன் பின்னாலேயே ஜனவரி ரிட்டர்னும் 9 நாள் தள்ளிப்போய் 450. வட்டி வருடம் 18 சதவீதம். எல்லாம் சேர்ந்து 3,000 ரூபாய்க்குள்தான். அந்த 3,000-ஐ விடப் பெரிய அடி வேறு இடத்தில் விழுந்தது. முந்தைய மாத 3பி (வரி கட்டும் ரிட்டர்ன்) போடாமல் அடுத்த மாத ஜிஎஸ்டிஆர்-1 (பில் விவர ரிட்டர்ன்) போட போர்ட்டல் விடாது. அதனால் ஜனவரியில் மறுபடி கெஞ்சிக் கூப்பிட்ட லோக்கல் பார்ட்டிகளின் பில், அவர்கள் எடுக்கக்கூடிய வரி கிரெடிட்டைக் காட்டும் 2பி பட்டியலில் ஏறவில்லை. "பில்லே ஏறலைங்க, வரியோட சேத்து எப்படிப் பணம் போடறது?" என்று அவர்களும் வரித்தொகையை நிறுத்திவைத்தார்கள். ஒழுங்காகப் பணம் கொடுப்பவர்களிடமும் என் பெயர் கெட்டது. வராத கடனுக்குக் கட்டிய ஜிஎஸ்டி திரும்பி வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ரேட் குறைத்தது, சரக்கு குறைபாடு போன்றவற்றுக்குத்தான் பில் தொகையைக் குறைக்கும் கிரெடிட் நோட் போட முடியும். பார்ட்டி பணம் தரவில்லை என்பதற்காகப் போட முடியாது. ஐந்து கோடிக்குள் டர்ன்ஓவர் உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரிட்டர்ன் போடும் திட்டத்துக்கு மாறலாம், ஆனால் முதல் இரண்டு மாதமும் 25-ஆம் தேதிக்குள் சலான் கட்டத்தான் வேண்டும். வேலை குறைகிறது, பணம் தள்ளிப்போவதில்லை.

கடன் வாங்கிய வரிசையில் நான் செய்தது முழுக்கத் தலைகீழ். நகை 4 லட்சம், மாதம் ஒரு சதவீதம் என்று ஆறு மாதத்துக்கு 24,000. கை மாற்று 3 லட்சம், மூன்று ரூபாய் வட்டி, ஐந்து மாதத்துக்கு 45,000. தண்டல் ஒரு லட்சம் எழுதி 85,000 கையில் வாங்கி, தினம் 1,000 வீதம் 100 நாள் கட்டினேன். வட்டி 15,000. கேட்கும்போது மூன்றிலும் தண்டல்தான் குறைவாகத் தெரிந்தது. மூன்று மாதத்துக்கு 15,000 தானே என்று நினைத்தேன். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. 85,000 முழுதாக என் கையில் இருந்தது ஒரே ஒரு நாள். ஐம்பதாவது நாள் பாதிதான் இருக்கும். சரியாகக் கணக்குப் போட்டால் நாளுக்கு 0.33 சதவீதம், நம் பாஷையில் பத்து ரூபாய் வட்டி, வருடத்துக்கு 120 சதவீதம். தண்டல் எடுத்து வாரச் சம்பளம் கொடுப்பவர் அதன்பின் வரும் 100 நாளும் சம்பளத்தோடு தண்டலையும் சேர்த்துத் தேட வேண்டும்.

செய்திருக்க வேண்டியது, தேவை வருவதற்கு ஒரு வருடம் முன்பே வங்கியில் சிசி லிமிட் (வேண்டும்போது எடுத்துக் கட்டும் கடன் வரம்பு) வாங்கி வைத்திருப்பது. சிறு தொழில்களுக்கு ஒரு வருட டர்ன்ஓவரில் 20 சதவீதத்தை நடைமுறை மூலதனமாகக் கொடுப்பது வங்கிகளின் வழக்கமான கணக்கு. 75 லட்சம் டர்ன்ஓவர் என்றால் 15 லட்சம் வரை கேட்கலாம். 10 லட்சம் வரையிலான கடனுக்குக் குறு, சிறு தொழில்களிடம் அடமானம் கேட்கக் கூடாது என்பது அப்போதைய ரிசர்வ் வங்கி விதி. வங்கி மேனேஜர் முதலில் பார்ப்பது 12 மாத 3பி-யும் கரண்ட் அக்கவுண்ட் ஸ்டேட்மென்ட்டும்தான். நான் ஜனவரியில் போய் நின்றபோது ரிட்டர்ன் நிலுவை, அக்கவுண்டில் மினிமம் பேலன்ஸ் கூட இல்லை, மிஷின் தவணை இரண்டு பவுன்ஸ். யார் கொடுப்பார்கள்? நன்றாக ஓடும்போது போய்க் கேளுங்கள். எடுத்த தொகைக்கு, எடுத்த நாளுக்கு மட்டும்தான் வட்டி. மாதா மாதம் பாக்கிப் பட்டியல் கொடுக்க வேண்டியிருக்கும், 90 நாளுக்கு மேல் நிற்கும் பில்லை வங்கி பெரும்பாலும் கணக்கில் எடுக்காது. பழைய பாக்கி தேங்குகிறது என்று அதுவே நமக்கு மணி அடித்துவிடும்.

பணத்தை எப்படி வாங்கினேன் என்பதுதான் பலரும் கேட்பது. பிப்ரவரியில் ஆடிட்டர், என் பெயரில் யார் யார் வருமான வரி பிடித்துக் கட்டினார்கள் என்று காட்டும் 26ஏஎஸ் படிவத்தை இறக்கிப் பார்த்தார். அந்தப் பார்ட்டி, அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குமான காலாண்டில் என் பில்கள் முழுவதற்கும் ஒரு சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்டியிருந்தார்கள். எனக்கு ஒரு ரூபாய் கூடத் தராமல் அரசுக்கு என் பெயரில் 11,400 கட்டியிருக்கிறார்கள். ஆத்திரமாக வந்தது. ஆனால் ஆடிட்டர் அதை வேறு மாதிரிப் பார்த்தார். என் பில்லைத் தங்கள் கணக்கில் ஏற்றிக்கொண்டார்கள், கடன் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. பாக்கி நிற்கும் பார்ட்டி இருந்தால் ஒவ்வொரு காலாண்டு முடிந்ததும் 26ஏஎஸ்-ஐப் பாருங்கள்.

அதை வைத்து ரிஜிஸ்டர் தபாலில், ஒப்புகை அட்டையோடு ஒரு கடிதம் அனுப்பினோம். மிரட்டல் எதுவும் இல்லை. பில் எண், தேதி, டி.சி. (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) எண், தொகை கொண்ட ஒரு பட்டியல், 26ஏஎஸ் நகல், சிறு தொழில் பதிவான என் உத்யம் எண், அவ்வளவுதான். பிறகு மூன்று விஷயம். ஒன்று, 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள்தான். 90 நாள் என்று கையெழுத்தே போட்டிருந்தாலும் அது சட்டத்தின் முன் 45 நாள்தான். அதைத் தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 6 என்று வைத்தால் 18 சதவீதம். இரண்டு, 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதிப்படி, குறு, சிறு தொழிலுக்கு இந்தக் கெடுவுக்குள் தராமல் மார்ச் 31-ல் நிற்கும் பாக்கியை அந்த வருடச் செலவாகக் கழிக்க முடியாது. அந்தத் தொகை லாபத்தில் சேர்ந்து அவர்கள் வரி கட்ட வேண்டும். மூன்று, பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் அந்தப் பில்லுக்கு எடுத்த ஜிஎஸ்டி கிரெடிட்டை அவர்கள் வட்டியோடு திருப்ப வேண்டும். 15 நாளில் பதில் இல்லையென்றால், சிறு தொழில்களின் பாக்கிக்கான அரசின் சமாதான் போர்ட்டலில் மனு போடுவோம் என்று முடித்தோம். மார்ச் 28-ஆம் தேதி 5 லட்சம் வந்தது. ஏப்ரலில் 3 லட்சம், மே மாதம் மீதி. அந்த அக்கவுண்ட்ஸ் பையன் கெட்டவன் இல்லை. யாருக்கு முதலில் போடுவது என்று அவனிடம் ஒரு வரிசை இருந்தது, என் பெயர் அதில் கடைசியில் இருந்தது. மார்ச் மாதக் கடிதம் அந்த வரிசையை மாற்றியது.

உத்யம் பதிவு இல்லாவிட்டால் இதில் பெரும்பாலானது நடக்காது. பதிவு இலவசம், அரசு தளத்தில் ஆதாரை வைத்து அரை மணி நேரத்தில் முடியும். ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் தளங்கள் அரசுடையவை அல்ல. வேலை எடுப்பதற்கு முன்பே பதிவு இருக்க வேண்டும், பாக்கி நின்ற பிறகு பதிந்துவிட்டுப் பழைய பில்லுக்குச் சட்டத்தைக் காட்டினால் எதிர்த்தரப்பு அந்த இடத்தில்தான் பிடிக்கும். எண்ணைப் பில்லிலேயே அச்சடித்துவிடுங்கள். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்த 45 நாள் பாதுகாப்பு பொருந்தாது. ஜாப் ஒர்க் செய்பவர்களுக்குப் பொருந்தும்.

முழுத் தொகையும் வந்துவிடவில்லை. மே மாதக் கணக்கில் 96,000 ரூபாய்க்கு ஒரு டெபிட் நோட் (பிடித்தச் சீட்டு) உட்கார்ந்திருந்தது. நவம்பர் சரக்கில் 640 பீஸ் ஷார்டேஜ், பீஸுக்கு 150 ரூபாய். கவனியுங்கள், தையல் கூலி 20 ரூபாய்தான். பீஸ் காணாமல் போனால் பிடிப்பது துணி, டையிங், பிரிண்டிங் எல்லாம் சேர்ந்த முழு விலை. ஒரு பீஸ் ஷார்டேஜ் ஏழரை பீஸ் தைத்த கூலியைத் தின்றுவிடும். சரக்கு போய்ச் சேர்ந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆக, நான் ஜெயித்திருக்க வேண்டிய இடம் அது. ஆனால் மூன்று லாட்டுக்கு என்னிடம் இருந்த டி.சி.யில் அவர்கள் ஸ்டோர் கையெழுத்து இல்லை. டிரைவர் மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தான். கட்டிங் உள்ளே வந்தபோதும் பண்டல் எண்ணாமல் சீட்டில் இருந்த எண்ணிக்கையை அப்படியே ஏற்றிருந்தேன். அவர்கள் கொடுத்ததே 640 குறைவா, என் யூனிட்டில் குறைந்ததா, வண்டியில் போனதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிடித்ததை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது கட்டிங் வந்து இறங்கியதும் சைஸ் வாரியாக எண்ணி, வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே வாட்ஸ்அப்பில் போட்டோவோடு அனுப்பிவிடுகிறேன். போகும்போது டி.சி.யில் சைஸ் வாரியான எண்ணிக்கை, ஸ்டோர் சீல், தேதி மூன்றும் இல்லாமல் வண்டி திரும்பாது. அரை மணி நேரம் கூடுதலாக நிற்பதற்கு டிரைவர் முனகுவார். முனகட்டும்.

வீட்டுக் கணக்கைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்னதாகும். அதுவரை பால், மளிகை, பள்ளிக் கட்டணம், பெட்ரோல், ஊசி பாக்கெட், மெக்கானிக் கூலி எல்லாம் ஒரே கரண்ட் அக்கவுண்ட், ஒரே ஜிபே. "மாசம் ஆறு லட்சத்துக்குப் பில் போடறேன்கிறீங்க, எங்கதாங்க போகுது?" என்று மனைவி கேட்டபோது ஸ்டேட்மென்ட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தும் பதில் சொல்லத் தெரியவில்லை. தெரியாத வெட்கத்தில் கோபப்பட்டேன். நகை கேட்ட அன்றுதான் நிலைமையே அவருக்குத் தெரியும். அதற்கு முந்தைய நாட்களில் நான் தூங்கவில்லை, போன் அடித்தாலே வயிறு கலங்கும், சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். முன்பே சொல்லியிருந்தால் அவர் அண்ணனிடம் வட்டியில்லாமல் கிடைத்திருக்கும் என்பது பிறகு தெரிந்தது.

இப்போது எனக்கும் யூனிட்டில் சம்பளம் உண்டு, வாரம் 9,000. அது வீட்டு அக்கவுண்ட்டுக்குப் போய்விடும், வீட்டுச் செலவு அதற்குள்தான். ஒரு வாரப் பில் பணம் டிடிஎஸ் போக 1,66,400 வந்தால், அன்றைக்கே பிரித்துவிடுகிறேன். ஜிஎஸ்டிக்கு 8,000 தனி அக்கவுண்ட். சம்பளம் 85,000. வாடகை, கரண்ட், தவணை, இஎஸ்ஐ, சில்லறைச் செலவுகளுக்கு 33,000. போனஸுக்கு 7,000. சம்பளத்தில் 8.33 சதவீதம் என்று கணக்கு வைத்தால் வாரத்துக்கு அவ்வளவு வரும், இதை வாரா வாரம் ஒதுக்காதவர்கள்தான் தீபாவளிக்கு முந்தைய வாரம் வட்டிக்கு ஓடுகிறார்கள். வீட்டுக்கு 9,000. மீதி 24,400 சனிக்கிழமை நிதி. நாலு வாரச் சம்பளம், அதாவது 3,40,000 சேரும் வரை அதைத் தொடக் கூடாது என்பது எனக்கும் மனைவிக்கும் பேச்சு. அந்த அக்கவுண்ட்டின் ஏடிஎம் கார்டு அவரிடம்தான் இருக்கிறது. பதினான்கு வாரத்தில் சேர்ந்துவிட்டால் நல்லது, எனக்கு இருபத்திரண்டு வாரம் பிடித்தது. நடுவில் ஒரு பேட்லாக் மோட்டார் போனது, பையனுக்கு ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம் வந்தது. பள்ளிக் கட்டணத்தையும் இப்போது வீட்டு அக்கவுண்ட்டில் மாதா மாதம் ஒதுக்கி வைக்கிறோம்.

போன மாதம் ஒரு புதுப் பார்ட்டி வந்தார். ரேட் 20, பேமெண்ட் 60 நாள் என்றார். தாளை எடுத்து அவர் முன்னாலேயே எழுதினேன். 20 ரூபாய்க்கு 60 நாள் சிசி வட்டி 11 சதவீதத்தில் 36 பைசா. வரியை முன்கூட்டிக் கட்டுவதற்கு இரண்டு பைசா. கூடவே ஒன்பது சனிக்கிழமைக்கு 7,65,000 ரூபாய் என் முதல் உள்ளே முடங்குகிறது. 60 நாள் என்றால் 21 ரூபாய், 30 நாள் என்றால் 20 ரூபாய், எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துவிட்டு, "முப்பது நாளே வச்சுக்கலாம்ங்க" என்றார். திங்கட்கிழமை கட்டிங் இறங்கியது, 2,400 பீஸ் என்று சீட்டில் இருந்தது, எண்ணினால் 2,388. அன்றைக்கே போட்டோ அனுப்பிவிட்டேன்.